சந்தனமா, நீலமா?

ஒரு சுவருக்குச் சந்தன நிறம் பூசுவதா, இளநீலம் பூசுவதா என்பது பங்குக் குருவானவர் தலையிட வேண்டிய வழக்கா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், வெள்ளகோவிலில் ஓர் இல்லத்தில் கணவனும் மனைவியும் இரண்டு நாட்களாக ஒருவரோடொருவர் பேசாதிருக்க, பெயிண்டர் தம் வாளியையும் பிரஷையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திண்ணையில் வெறுமனே அமர்ந்திருக்க, இத்தனைக்கும் காரணம் கையகலமுள்ள இரண்டு வண்ணச் சீட்டுகளே என்பதைக் கண்ணாரக் கண்டபின், இத்திங்கள் இப்பகுதியில் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அக்குடும்பத்தாரின் இசைவையும் பெற்றுக்கொண்டோம்.

அது ஒரு விசைத்தறிக் குடும்பம். வீட்டையொட்டிய கொட்டகையில் நான்கு தறிகள். கூலிக்கு நெய்து கொடுக்கின்றனர். வீட்டின் மேற்குப் புறத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. நெடுநாள் நூல் மூட்டைகளும் பாவு பீம்களும் அடைந்து கிடந்த அவ்வறை, பின்னர் மகள் படிக்கும் அறையாயிற்று. மகள் கோவைக்குக் கல்லூரி விடுதி சென்றதும் காலியானது. மூத்த மகன் வீட்டில் இருந்த பாட்டியம்மா, அகவை எழுபத்தாறு, படியில் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இனி இளைய மகன் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அவருக்காகவே அவ்வறை ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

மகனுக்குச் சந்தன நிறம் வேண்டும். ஆடிக் காற்றில் இந்த வறண்ட பூமியின் செம்புழுதி வீட்டுக்குள் வந்து படியும்போது சந்தன நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது என்பது அவர் கட்சி. மருமகளுக்கு இளநீலம் வேண்டும். மேற்கு வெயில் காயும் அறையில் கண்ணுக்காவது குளிர்ச்சி வேண்டாவா என்பது அவர் கட்சி. இரண்டும் நியாயமான கட்சிகளே. ஆனால் வழக்கு அங்கே இல்லை. மகன் சற்று அப்பால் சென்றதும், காப்பித் தம்ளரை நம்மிடம் நீட்டியவாறே அந்தப் பெண்மணி தாழ்ந்த குரலில் சொன்னார்:

“நாளைக்கு அந்த ரூமக் கூட்டித் தொடச்சு, அத்தைக்குச் சோறு போட்டுப் பாக்கப்போறவ நானுங்க சாமி. அவங்க இங்க வர்றதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. ஆனா, வர்றாங்கன்னே எனக்குக் கடைசியாத்தான் தெரியுமுங்க. செவுத்துக்கு என்ன கலருன்னு சொல்லக்கூட எனக்குப் பாத்தியதை இல்லீங்களா?”

காப்பி ஆறும்வரை நாம் மறுமொழி கூறவில்லை.

வண்ணத்தைப் பற்றி அபிப்பிராயம் கூறும் தகுதி நமக்கு மிகக் குறைவு என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு நம் பங்கு இல்லத்தின் முன்னறைக்குச் சீட்டைப் பார்த்து மெல்லிய பச்சை ஒன்றைத் தேர்ந்தோம். சீட்டில் அது வாழைக்குருத்தின் உட்புறம் போன்றிருந்தது. சுவரில் ஏறியதும் மருத்துவமனை வார்டு போலாயிற்று. வந்தவர்கள் அனைவரும் தாமாகவே குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினர். அதன் பிறகே, சீட்டில் உள்ள வண்ணம் சுவரில் ஏன் மாறுகிறது என்று கேட்டும் படித்தும் அறியத் தலைப்பட்டோம்.

காரணம் எளிய கணக்குதான். சந்தன நிறப் பூச்சு ஒன்று, தன்மேல் விழும் செந்நிற ஒளியில் நூற்றுக்கு 80 பங்கையும், நீலநிற ஒளியில் நூற்றுக்கு 60 பங்கையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டைக் கையில் வைத்துப் பார்க்கும்போது நாம் காண்பது இந்த 80-க்கு 60 மட்டுமே. மிக மெல்லிய சாயல். ஆனால் நான்கு சுவர் சூழ்ந்த அறையில் ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவரில் சென்று மீண்டும் படுகிறது. இரண்டாம் முறை அது 64-க்கு 36 ஆகிறது. மூன்றாம் முறை 51-க்கு 22. செம்மை நீலத்தினும் இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது! ஆகவே எந்த மெல்லிய வண்ணமும் அறை முழுவதும் பூசப்பட்டால் சீட்டில் கண்டதைவிடச் செறிந்தே தோன்றும். கைதேர்ந்த பெயிண்டர்கள், “சீட்டில் பிடித்ததைவிட ஒரு படி வெளுத்ததை எடுங்கள்” என்று கூறுவதற்கு இதுவே காரணம். கணக்கு அறியாமலே அவர்கள் கண்ட உண்மை இது.

அடுத்தது ஒளி. வடக்குச் சன்னலில் வெயில் வராது, ஆதலால் அவ்வறைக்கு வெம்மையான வண்ணம் பூசுக என்று மேனாட்டு நூல்கள் கூறும். அவை குளிர்நாட்டார் தமக்கு எழுதிக்கொண்டவை. நம் வெள்ளகோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் கதிரவன் நமக்கு வடக்கே நிற்கிறான். அந்நாட்களில் நம் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். மேலும், நம் அறைகளுக்குள் வரும் ஒளியில் பெரும்பகுதி வானத்திலிருந்து நேராக வருவதன்று. முற்றத்துச் செம்மண்ணில் பட்டு எழும்பி வருவது. சன்னலுக்கு வெளியே வேம்பு நின்றால் பச்சை கலந்து வரும். நம் முன்னறைக்கு எதிரே அடர்ந்த புங்க மரம் ஒன்று நிற்கிறது. பச்சைச் சுவரில் பச்சை ஒளி விழுந்து வார்டாக மாறியதன் மர்மம் அதுவே.

இரவிலோ வேறு கதை. பழைய குண்டு பல்பின் ஒளி மஞ்சள் சார்ந்தது. அளவையில் 2,700 கெல்வின் என்பர். இன்று பெரும்பாலான வீடுகளில் எரியும் வெண்ணிற எல்.இ.டி. குழல் விளக்கு 6,500 கெல்வின், நீலம் சார்ந்தது. அதன் கீழ்ச் சந்தன நிறம் சோகை பிடித்தாற்போல் வெளிறும். இளநீலமோ பனிக்கட்டி போல் கூர்மையாகும். இதனைத் திருப்பூர்ப் பனியன் தொழிலில் உள்ளோர்க்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. சாயப்பட்டறையில் சிறு துணித்துண்டுக்குச் சாயமேற்றி ‘லேப் டிப்’ என்று வாடிக்கையாளருக்குக் காட்டும்போது, அதனைப் பகலொளிக்கு ஈடான விளக்கிலும், கடைகளில் எரியும் விளக்கின் வகையிலும் தனித்தனியே வைத்துப் பார்த்தே ஒப்புதல் தருகின்றனர். ஒரு விளக்கில் ஒன்றாகத் தோன்றும் இரு துணிகள் மறு விளக்கில் வேறு வேறாகிவிடும். சேலைக் கடையில் நம் தாய்மார் சேலையை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பதும் இந்த ஞானத்தால்தான். ஐந்நூறு ரூபாய்ச் சேலைக்கு இத்தனை பரிசோதனை; பத்தாண்டு உடனிருக்கும் சுவருக்குச் சீட்டு ஒன்றே போதும் என்று இருந்துவிடுகிறோம்.

எனவே அன்று நாம் தீர்ப்பு ஏதும் கூறவில்லை. வாங்கிவந்திருந்த இரண்டு சிறு டப்பாக்களையும் திறந்து, இரண்டடிக்கு இரண்டடி அளவில் இரு சார்ட் அட்டைகளில் இரண்டு கோட்டிங் அடித்து, காய்ந்தபின் வேறு வேறு சுவர்களில் மாட்டுமாறு கேட்டுக்கொண்டோம். அருகருகே மாட்டலாகாது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பாரிசு நகரின் புகழ்பெற்ற கோப்லேன் நெசவுச் சாலையில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் செவ்ரேல் என்ற வேதியியலார். தங்கள் கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார், சாயத்தில் குறையில்லை. கறுப்பின் பக்கத்தில் நெய்யப்பட்ட நீல, ஊதா நூல்களே அதனைக் குன்றச் செய்தன. அண்டை வண்ணம் ஒரு வண்ணத்தை மாற்றிக் காட்டும் என்பதை அவர் 1839-இல் பெருநூலாக வெளியிட்டார். பாவு ஒரு நிறமும் ஊடை மறு நிறமுமாக நெய்யும் நம் தறிக்காரருக்கு இது புதுமையன்று. சந்தனத்தின் அருகே வைத்தால் இளநீலம் மேலும் நீலமாகும். நீலத்தின் அருகே சந்தனம் மேலும் மஞ்சளாகும். இருவருடைய பிடிவாதமும் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும்.

இதற்கிடையே திண்ணையில் இருந்த பெயிண்டர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். “எந்தக் கலரா இருந்தாலும் சரிங்க சாமி, மொதல்ல இந்தச் சுண்ணாம்பச் சொரண்டி எடுக்கோணும்.” உண்மைதான். அவ்வறைச் சுவரில் ஆண்டுதோறும் பொங்கலுக்கு அடித்த வெள்ளை ஏடேடாகப் படிந்திருந்தது. அதன் மேலேயே எமல்ஷன் பூசினால் அடுத்த கோடைக்குள் அப்பளமாக உரிந்து விழும். சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகே வண்ணம். சுரண்டும் தூசியைக் குழந்தைகள் நெருங்காமல் பார்த்துக்கொள்க. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கேடு. கதவு சன்னல்களின் பழைய எனாமல் பூச்சிலோ ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்துக்கு 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்தவற்றை உலர் நிலையில் தேய்க்காமல் ஈரப்படுத்தித் தேய்ப்பதே நன்று.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நமக்கு நிறுத்த மனம் வராது. குருமடத்தில் பயின்ற நாட்களில் விடுமுறைக்கு முன் வெள்ளையடிப்பது மாணவர்களாகிய எங்கள் பொறுப்பு. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட, அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கிறது. நீரூற்றினால் கொதித்துப் பொங்கி நீறுகிறது. சுவரில் அடித்தபின் அதே கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிவிடுகிறது. பூசும்போது தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். ஒன்றும் ஏறவில்லையே என்று நாங்கள் மேலும் மேலும் அடிப்போம். காய்ந்த பிறகு பார்த்தால் கண் கூசும். அதில் சிறிது நீலம் கலப்பது வழக்கம். சுண்ணாம்பின் இயல்பான மஞ்சள் சாயலை நீலம் அடக்கிவிடுவதால் வெள்ளை மேலும் வெள்ளையாகத் தோன்றும். ஓராண்டு நம் கை தாராளமாகி, சிற்றாலயத்துப் பின்சுவர் முழுவதும் வண்ணானின் வேட்டி போல நீலம் பாரித்துவிட்டது. அதிபர் தந்தை அதனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கூறாமல், மறு வாளிச் சுண்ணாம்பை நம் முன் வைத்தார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மீண்டும் சென்றோம். மேற்கு வெயில் சன்னல் வழியே சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. சந்தன அட்டை அவ்வொளியில் பழுத்த மஞ்சளாக நின்றது. மகனே முகத்தைச் சுளித்தார். நீல அட்டை வெளிறிச் சாம்பல் பூத்திருந்தது, மருமகளுக்கும் நிறைவில்லை. இருவரும் இப்போது சற்றுப் பேசத் தொடங்கியிருந்தனர். அப்போதுதான் நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. முந்தின நாளே தோன்றியிருக்க வேண்டும். அறையில் வாழப் போகிறவரிடம் எவரும் கேட்கவில்லையே!

பாட்டியம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து கட்டிலில் அமர்த்தினர். “ஆத்தா, இந்த ரெண்டுல உங்களுக்கு எது புடிச்சிருக்குது?” என்று வினவினோம். அவர் முதலாவது அட்டையைப் பார்த்தார். தலையை மெல்லத் திருப்பி இரண்டாவதைப் பார்த்தார். பிறகு சிரித்தவாறு சொன்னார்:

“ரெண்டும் ஒண்ணாட்டந்தானுங்களே இருக்குது சாமி. எதுக்கு இந்தச் சண்டை?”

மகன் அதனை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். மருமகள் சிரிக்கவில்லை. அவர் சட்டென்று அருகே சென்று, “அத்தை, இந்தப் பக்கம் என்ன கலரு? சொல்லுங்க பாக்கலாம்” என்றார். பாட்டியம்மா சிறிது நேரம் பேசாதிருந்து, “வெள்ளைதானே கண்ணு” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நீல அட்டையை.

இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. எத்தனை நாளாக என்று எவருக்கும் தெரியாது. பெரிய மகன் வீட்டில் சுவரைத் தடவியே நடந்திருக்கிறார். சுவரில் இடுப்புயரத்தில் கையழுக்கு நீளக் கோடாகப் படிந்திருந்ததை மருமகள் அப்போது நினைவுகூர்ந்தார். படியில் இடறியதும் கால் தளர்ச்சியால் அன்று. படி எங்கே முடிகிறது என்பது தெரியாததால். “சொன்னா ஆஸ்பத்திரி, ஆப்பரேசன்னு உங்களுக்குச் செலவு” என்று மறைத்து வைத்திருக்கிறார்.

கண்ணின் வில்லை அகவை ஏற ஏற மஞ்சளித்துப் பின் பழுப்பேறுகிறது. பழுப்பேறிய வில்லை நீல ஒளியை உள்ளே விடுவதில்லை. ஆகவே இளநீலம் அழுக்கு வெள்ளையாகவும், சந்தனமும் அதே வெள்ளையாகவும் தெரியும். புரையில்லாத அறுபது அகவைக் கண்ணுக்குள்ளேயே இருபது அகவைக் கண்ணில் நுழையும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நுழைகிறது என்பர். எழுபத்தாறில், புரையோடு, மங்கலான அறையில் என்ன தெரியும்? பிரெஞ்சு ஓவியர் மோனே இத்துன்பத்துக்கு உள்ளானவர். 1912-இல் கண்புரை என்று அறியப்பட்டும் அறுவைக்கு அஞ்சிப் பதினோராண்டு தள்ளிப் போட்டார். அக்காலத்து அவர் ஓவியங்கள் செம்மையும் பழுப்புமாகக் கலங்கிக் கிடக்கின்றன. வண்ணத்தைக் கண்ணால் நம்ப இயலாமல், குழாய்களின் மேலிருந்த பெயரைப் படித்தே தேர்ந்தார். 1923-இல் வலக்கண்ணில் அறுவை செய்தபின், எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறது என்று குறைபட்டார். வண்ணமே வாழ்வாகக் கொண்டவருக்கே அறுவைக்கு அத்தனை அச்சம். தறிக்கொட்டகையில் அறுபதாண்டு உழைத்த ஒரு தாய் மறைத்ததில் வியப்பென்ன?

பெயிண்டருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பினர். கோவையில் ஒரு கண் மருத்துவமனையில் ஆகஸ்டில் வலக்கண்ணில் அறுவை நடந்து செயற்கை வில்லை பொருத்தப்பட்டது. சுரண்டும் தூசியும் பெயிண்ட் வாடையும் ஆகாது என்பதால் அறை வேலை இரண்டு திங்கள் நின்றது. உடன் சென்றதும், நாளுக்கு நான்கு வேளை சொட்டு மருந்து விட்டதும் மருமகளே.

அக்டோபரில் நாம் சென்றபோது அந்த இரு அட்டைகளும் இன்னும் மாட்டியபடி இருந்தன. பாட்டியம்மா நமக்கு ஒரு வேடிக்கை காட்டினார். வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நீல அட்டையைப் பார்த்து, “இது வெள்ளை” என்றார். கையை மாற்றி இடக்கண்ணைப் பொத்தி, “இது மயில் கழுத்து” என்றார். பேரப்பிள்ளைகள் போல மீண்டும் மீண்டும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அக்கூர்மை சில வாரங்களில் தணிந்து கண் பழகிவிடும் என்று மருத்துவர் கூறியிருந்தாராம்.

“எது வேணும்னு இப்பச் சொல்லுங்கம்மா” என்று மகன் கேட்டார். அவர் மருமகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவ சொன்னதே அடி சாமி. கொஞ்சம் வெளுப்பா இருக்கட்டும். எங்க அப்பன் வூட்டுல சுண்ணாம்புல நீலம் போட்டு அடிச்சாப்பல.”

கடைக்காரரிடம் அதே நீலத்தின் சாயத்தைப் பாதியாகக் குறைத்துக் கலந்து தரக் கேட்டனர். இன்றைய கலவை இயந்திரங்களில் அது எளிது. மாலை வெயில் பட்டுக் கண் கூசாதிருக்க, மினுக்கம் இல்லாத மேட் வகையை எடுத்தனர். கதவு நிலைக்குக் கரும்பழுப்பு. சுவிட்ச் பெட்டியைச் சுற்றி இரண்டங்குல அகலத்தில் அதே பழுப்பு. வாசற்படிகளின் விளிம்பில் மஞ்சள் எனாமலில் ஒரு பட்டை. வெளிர்ச் சுவரில் வெளிர்க் கதவும், சாம்பல் படியின்மேல் சாம்பல் படியும் முதியோர் கண்ணுக்கு ஒன்றாகவே கலந்துவிடும் என்பதால் மருமகள் தாமே யோசித்துச் செய்த ஏற்பாடு இது. சுவரில் எந்த வண்ணம் என்பதைவிட இப்பட்டைகளே பாட்டியம்மாவுக்கு அன்றாடம் உதவுகின்றன. இடக்கண் அறுவை தை பிறந்த பிறகு.

மகன் முன்கூட்டியே நான்கு லிட்டர் சந்தன நிறத்தைக் கலந்து வாங்கிவிட்டிருந்தார் என்பது பின்னரே வெளிப்பட்டது. கலந்த பெயிண்டைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. சென்ற வாரம் அது சமையலறைச் சுவரில் ஏறியிருந்தது. கிழக்குச் சன்னல் உள்ள அறை. காலை வெயிலில் அழகாகவே இருக்கிறது என்று மருமகள் ஒப்புக்கொண்டார்.